அடுத்த வருஷம் யார் ஊக்குநர்?

சேலத்துக்கு மகளிர் குழு வந்தது தருமபுரி வழியாக. இஃபாட் என்று சுருக்கமாகச் சொல்கிற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. 1965 வரை தருமபுரியும் சேலம் ஜில்லாதான். அதனால் தொப்பூர் கணவாயைத் தாண்டி இந்தச் சேதி இங்கே வர அதிக நாள் ஆகவில்லை. 1990-களின் தொடக்கத்திலேயே திட்டம் சேலத்துக்கும் விரிந்தது. பிறகு மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. ஏற்காடு மெயின் ரோட்டில் இருக்கிற எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாங்கள் குழு ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதற்கு முன்னால் பெண்களுக்குக் காசு சேர்க்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அரிசிப் பானைக்குள் ஒளித்த ரூபாய் இருந்தது, ஏலச்சீட்டு இருந்தது, தீபாவளிச் சீட்டு இருந்தது. ஆனால் சீட்டு நோட்டு எங்கள் கையில் இருக்காது. சீட்டு பிடிக்கிறவர் சொன்னதுதான் தள்ளுபடி, வட்டிக்காரர் சொன்னதுதான் பாக்கி. திருப்பிக் கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் நிற்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை.

குழு அந்த நோட்டைத்தான் மாற்றியது. 12 பேரிலிருந்து 20 பேர் வரை சேரலாம். கூட்டம் போட்டு சந்தா கட்ட வேண்டும். யாருக்கு உள்கடன் கொடுப்பது, என்ன வட்டி என்பதை உட்கார்ந்து பேசித் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் ஊக்குநர், இரண்டு பேர் பிரதிநிதிகள். பேங்க் கணக்கு குழுவின் பெயரில். பணம் எடுக்கப் பொறுப்பாளர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எங்கள் குழுவில் ஒரு அக்கா கொலுசு வேலை செய்பவர். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற வெள்ளி வளையங்களைக் கோர்த்துப் பற்றவைப்பார். கை இம்மி அசையாது. அவரிடம் பேனாவைக் கொடுத்தால் விரல் நடுங்கும். “நமக்கெதுக்கு கண்ணு கையெழுத்து? ரேகை வெச்சுட்டுப் போறேன்” என்பார். வெள்ளியைப் பற்றவைக்கிற விரலுக்கு நாலு எழுத்து பெரிய வித்தையா? ‘இது என் வேலை இல்லை’ என்று அவர் மனசு முடிவு கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் மகள் பி.எட். படித்தபோது அவள் பாடப்புத்தகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்பவரைப் பற்றிப் படித்தேன். ‘என்னால் இது முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதியவர். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தைரியம், தன் உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது என நான்கு வழி சொல்கிறார். முதலாவதுக்குத்தான் வலு அதிகமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு வந்த பயிற்சியாளர்கள் மணிக்கணக்காகத் தன்னம்பிக்கை பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த அக்கா அசையவில்லை. அவரைவிட வயதான, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதிக் காட்டினாள். மறுநாள் சாயங்காலம் அக்காவே சிலேட்டு கேட்டு வந்தார்.

பேங்க் விஷயமும் அப்படித்தான். முதலில் கும்பலாகப் போனோம், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். பிறகு இரண்டு பேர் போனார்கள். அப்புறம் செலான் எழுத ஒருத்தி மட்டும் போனாலே போதும் என்றானது. பேங்கில் வாய் திறந்தவள் வி.ஏ.ஓ. ஆபீசிலும் திறந்தாள், ரேஷன் கடையில் எடை குறைந்தபோதும் திறந்தாள். 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கான இடங்களோடு வந்தது. கூட்டத்தில் பேசிப் பழகியவர்களுக்கு மைக் அவ்வளவு பயம் காட்டவில்லை.

இதே காலத்தில் புதுக்கோட்டையில் நடந்தது இன்னும் பெரிது. 1991-இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். விழுந்து எழுந்து ஒரு தெரு தூரம் ஓட்டிவிட்ட பெண்ணிடம், உன்னால் முடியாது என்று அப்புறம் யார் சொல்லி எடுபடும்?

ஆனால் துணிச்சல் மட்டும் சோறு போடாது. ஊறுகாய் போட்டோம், சாம்பிராணி செய்தோம். விற்க இடமில்லாமல் கைவிட்டோம். அதை எங்கள் கையாலாகாத்தனம் என்று சிலர் சொன்னபோது, சில பெண்கள் பழையபடி ஒடுங்கியும் போனார்கள். பின்னால் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ‘குழு லோன்’ என்று அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தன. அங்கே தீர்மானம் கிடையாது, தவணை மட்டும்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைக்கிற பழக்கம் வந்தது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. முடிவெடுக்கப் பழக்கிய வட்டம், இன்னொருவர் எடுத்த முடிவுக்குக் காவல் நிற்கப் பழக்குகிறது.

அரசாங்கக் குழுக்களிலும் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். ஊக்குநரும் பிரதிநிதிகளும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். கூட்டல் தெரியாதவள் கைக்கும் நோட்டு போனது. தப்பாகக் கூட்டினாள், எல்லோரும் சேர்ந்து திருத்தினோம், அடுத்த மாதம் சரியாகக் கூட்டினாள். இப்போது பல இடங்களில் படித்த பெண் ஒருத்திக்கே மாதம் ஏதோ கொடுத்து மொத்தக் கணக்கையும் எழுத வைக்கிறார்கள். நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லை, ஆடிட்டுக்குச் சுகம். மற்றவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். கைநாட்டுக்கும் இந்தக் கையெழுத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் புதுக் குழுக்காரர்கள் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் நான் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வருஷம் யார் ஊக்குநர் என்று கேட்பேன். போன வருஷத்து ஆள் பெயரையே சொன்னால், இதுவரை நோட்டைத் தொடாதவள் யார் என்று அடுத்த கேள்வி கேட்பேன். அவளைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.