கடிதம் எழுதிக் கற்ற மொழியறிஞர்

தாம் கண்ணாற் காணாத நாடுகளின் பேச்சு வழக்குகளை அஞ்சல் வழியே திரட்டி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஹூகோ ஷூகார்ட் என்னும் மொழியறிஞர். 1842ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள கோத்தா நகரிலே பிறந்த இவர், 1876ஆம் ஆண்டிலே ஆஸ்திரியாவிலுள்ள கிராத்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1927இல் அந்நகரிலேயே காலமானார்.

அக்காலத்து மொழிநூலார் பலர் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் முதலிய பழம்பெரு மொழிகளையே ஆராய்தற்குரியனவாகக் கொண்டனர். ஒலிமாற்ற விதிகளுக்கு விலக்கே இல்லை என்பது அவர்களுட் புதிய அணியினரின் கொள்கை. ஷூகார்ட் 1885இல் ஒரு நூல் எழுதி இக்கொள்கையை மறுத்தார். கலப்பே இல்லாத மொழி உலகில் இல்லை என்பது அவர் துணிபு.

இதனை நிறுவுதற்கு அவர் நாடியவை கிரியோல் மொழிகள். ஐரோப்பிய வணிகரும் ஆட்சியாளரும் சென்ற இடங்களிலே, அவர்தம் மொழியும் அங்கிருந்தோர் மொழிகளும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் மொழிகளும் கலந்து பிறந்தவை அவை. கற்றோர் பலர் அவற்றைச் சிதைந்த பேச்சென இகழ்ந்து ஒதுக்கினர். எனவே அவற்றை ஆராய முற்பட்டவருக்கு நூலகங்களிற் கிடைத்த துணை மிகச் சிறிது.

வேல்சு, ஸ்பெயின், பாஸ்கு நாடு ஆகியவற்றுக்கு ஷூகார்ட் சென்றதுண்டு. கடல் கடந்த கிரியோல் நாடுகளுக்கோ அவர் சென்றதில்லை. ஆயினும் அவர் கடிதங்கள் சென்றன. ஆபிரிக்கா, ஆசியா, அமெரிக்கா முதலிய கண்டங்களில் வாழ்ந்த ஆயர்கள், சமயத் தொண்டர்கள், வெளிநாட்டுத் தூதர்கள், அதிகாரிகள் ஆகியோருக்கு நூற்றுக்கணக்கான கடிதங்களை எழுதினார். அங்கு வழங்கும் பேச்சின் மாதிரிகளையும் பாடல்களையும் வேண்டினார். விடை கூற இயலாதவர் சிலர், கூறத்தக்க பிறரைச் சுட்டினர். இவ்வாறு ஒருவர் வழியே மற்றொருவராகத் தொடர்பு விரிந்தது.

இம்முயற்சியின் பயனாக 1882ஆம் ஆண்டு முதல் 'கிரியோல் ஆய்வுகள்' என்னும் கட்டுரை வரிசை வெளிவந்தது. ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சான் தோமே தீவின் மொழி முதலிலே ஆராயப்பட்டது. இந்தியாவிற் கொச்சி, தியூ, மங்களூர் ஆகிய இடங்களில் வழங்கிய போர்த்துக்கேயக் கிரியோல்கள் பின்னர் இடம்பெற்றன.

இலங்கையும் இவ்வாராய்ச்சித் துறைக்குப் புறம்பானதன்று. போர்த்துக்கேயர் ஆட்சி இத்தீவில் 1658இல் முடிவுற்ற பின்னரும் அவர்தம் மொழியிற் பிறந்த கிரியோல் இங்கே நிலைத்தது. கோவாவைச் சேர்ந்த தல்காதோ என்னும் பாதிரியார் 1900ஆம் ஆண்டில் அதனைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். மட்டக்களப்புப் பறங்கியரிடை வழங்கும் அம்மொழியிலே, சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயமாயினும், வினைச்சொல் தமிழிற் போல வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். கலப்பு என்பது சொல்லளவில் நின்றுவிடாது இலக்கணத்துள்ளும் புகும் என்பதற்கு இது தக்க சான்று.

கடித முறைக்குக் குறைகளும் இருந்தன. எழுத்து ஒலியை முழுமையாகக் காட்டாது. எழுதியவர் தத்தம் மொழியின் எழுத்து மரபைப் பின்பற்றியே செவியுற்றதைப் பதிந்தனர். மேலும், விடையெழுதியோர் பெரும்பாலும் பாதிரிமாரும் அதிகாரிகளுமே. அம்மொழிகளைத் தாய்மொழியாகப் பேசிய எளிய மக்களின் குரல் பிறர் கைவழியாகவே கிராத்ஸ் நகரை அடைந்தது.

ஷூகார்டுக்கு வந்த கடிதங்களுள் ஏறத்தாழ 13,000 கிராத்ஸ் பல்கலைக்கழக நூலகத்திலே பேணப்பட்டுள்ளன. அவற்றுட் பல இன்று இணையத்தின் வாயிலாக எவரும் படிக்கத்தக்கனவாக வெளியிடப்பட்டுள்ளன. அவர் ஆராய்ந்த மொழிகளுட் சில பேசுவாரின்றி மறைந்துவிட்டன. கொச்சிக் கிரியோலை இல்லத்திற் பேசி வளர்ந்த இறுதியானவர் 2010இல் மறைந்தார். ஆனால் மட்டக்களப்பில் அம்மொழிக் குடும்பத்தின் ஒரு கிளை, பேசுவோர் தொகை குறைந்து வந்தபோதிலும், இன்னும் உயிரோடுளது. அம்மக்களின் வாய்மொழியை நேரே செவிமடுக்கும் வாய்ப்பு ஷூகார்டுக்குக் கிட்டவில்லை. இக்காலத்து ஆராய்ச்சியாளருக்கு அது கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.