தூக்குக் குண்டும் புவியின் கவசமும்

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும். வரலாற்று நூல்களைப் புரட்டுவோருக்கு 1751-இல் கிளைவ் நடத்திய போரும் நினைவுக்கு வரலாம். ஆனால் ஊருக்கு மேற்கே, ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி நிற்கும் ஒரு குன்றைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. வில்லியம் லாம்டனின் நில அளவை ஏடுகள் அதனைக் 'கர்னாடிகர்' என்று குறிக்கின்றன. நம் காலடியில் பல நூறு கல் ஆழத்தில் கிடப்பதை மனிதன் அறியப் புகுந்த கதையின் தொடக்கத்தில் இக்குன்றுக்கும் ஓரிடம் உண்டு.

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்த லாம்டன், அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக உள்நாட்டுக்குள் நகர்ந்தார். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிக்கும் கர்னாடிகருக்கும் இடையே ஏறக்குறைய 88 கி.மீ. நீளத்தில் ஒரு பக்கம் அமைந்தது. புவியின் வடிவத்தை அறிவதே அவருடைய நோக்கம். 1823-இல் அவர் இறந்தபின், ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.

சிக்கல் அங்குதான் எழுந்தது. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 600 கி.மீ. அதை முக்கோணக் கணக்கு ஒருவிதமாகவும், விண்மீன்களை நோக்கிக் கண்ட அட்சரேகைக் கணக்கு வேறுவிதமாகவும் காட்டின. வேறுபாடு 5.236 விகலை, நிலத்தில் சுமார் 160 மீட்டர். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே தூக்குக் குண்டுதான் விண்மீன் நோக்குக்கும் ஆதாரம். அக்குண்டை இமயமலை தன்பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கருதினார், கல்கத்தாவில் இருந்த பாதிரியாரும் கணித வல்லுநருமான ஜான் ஹென்றி பிராட். மலையின் பருமனைக் கொண்டு அவர் கணக்கிட்டபோது கிடைத்ததோ 15.885 விகலை. மலை இழுத்திருக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது!

1855-இல் ஜார்ஜ் ஏரி இதற்கு விடை கூறினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் எது உயர்ந்து தெரிகிறதோ அதுவே ஆழமாகவும் அமிழ்ந்திருக்கும். மலைக்கும் அவ்வாறே அடியில் எடை குறைந்த வேர் உண்டு. அவ்வேர் அடர்த்தி மிகுந்த பொருளுக்குள் அமிழ்ந்திருப்பதால் ஈர்ப்பு குறைகிறது என்றார். பிராட் 1859-இல் வேறு விளக்கம் தந்தார்: மலைக்கு அடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது என்பது அவர் கட்சி. இருவர் கூற்றிலும் உண்மை இருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. மலை மிதக்க வேண்டுமெனில் அடியில் இருப்பது திரவமா? 1897-ஆம் ஆண்டின் அஸ்ஸாம் பூகம்பத்தை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆர்.டி. ஓல்டாம், நில அதிர்வு அலைகளின் வகைகளைப் பிரித்தறிந்தார்; 1906-இல் புவிக்குள் கருவம் உண்டு என்றார். 1909-இல் மொஹொரோவிசிச் மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே கவசம். ஏறக்குறைய 2,890 கி.மீ. ஆழம் வரை நீள்வது. திரவத்தில் செல்லவியலாத குறுக்கலைகள் அதனூடே செல்கின்றன. எனவே அது திடப்பொருளே.

திடப்பொருள் எனினும் அது நகர்கிறது. தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதையே விட்டுவைத்தால் மெல்ல மெல்ல வழியும். கவசமும் கணநேர அதிர்வுக்குப் பாறையாகவும் ஊழிக்கால அழுத்தத்துக்குக் குழம்பாகவும் நடந்துகொள்கிறது. அதன் ஓட்டம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். மேற்கவசத்தில் மிகுதியாக உள்ள ஆலிவின் கனிமத்தை, சேலம் மேக்னசைட் மலைகளின் டியூனைட் பாறையில் நாம் கையால் தொட்டுப் பார்க்கலாம். 410 கி.மீ. ஆழத்தில் அழுத்தத்தால் அதன் படிக அமைப்பு இறுகி மாறுகிறது, 660 கி.மீ. ஆழத்தில் அது வேறு கனிமங்களாகவே பிரிந்துவிடுகிறது. அங்கிருந்து கீழ்க்கவசம் தொடங்குகிறது.

பழைய கணக்கு முடிந்துவிடவில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் சராசரி மட்டம் 100 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்துள்ளது; அங்கு ஈர்ப்பு குறைவு. கவசத்தில் எழும் வெப்பமான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கினர். பிராட்டின் கேள்வி இன்று கடலடிக்குச் சென்றிருக்கிறது எனலாம்.

இறுதியாக, தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இவ்வடுக்கின் பெயருக்குப் போர்வை என்று பொருள். நம் பாடநூல்கள் கவசம் என்கின்றன. கவசம் என்றதும் மாணவர் மனத்தில் இறுகி நிற்கும் இரும்புதான் தோன்றுகிறது. பெயரை இனி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் அச்சொல்லை உச்சரிக்கும்போதே 'இது நெகிழும்' என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கூடவே, மேற்கே தெரியும் மலையையும், கருவிகளையும் கொடிகளையும் சுமந்து அதன்மீது ஏறிய, ஏடுகளில் பெயர் பெறாத நம் மனிதர்களையும் சுட்டிக்காட்டினால், அறிவியல் எங்கோ பிறந்தது என்னும் எண்ணம் ஆரணி மாணவருக்குச் சற்றேனும் குறையும்.