தாயம் விழும் வரை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகத் தமிழ் வீடுகளில் விரிக்கப்பட்டு வந்த ஆட்டத்தாளுக்குப் பரமபத சோபான படம் என்று பெயர். சோபானம் என்பது படிக்கட்டு, பரமபதம் என்பது திருமாலின் வைகுண்டம். ஏணி கிடைத்தால் ஏறியும் பாம்பின் வாயில் அகப்பட்டால் வால்வரை இறங்கியும் காய் உச்சியை அடைய வேண்டும். ஏற்றம் புண்ணியத்தின் பயன், இறக்கம் பாவத்தின் பயன் என்று படம் காரணம் சொல்கிறது. ஆனால் காயைப் பாம்பின் வாயில் கொண்டு நிறுத்துவது பாவம் அல்ல, தாயக்கட்டை. பெரியவர்கள் படத்தைக் காட்டி வினைப்பயனை விளக்க, முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைகள் கட்டையிடம் கற்றுக்கொண்டனர்.

இவ்வாட்டத்தின் வடநாட்டு உறவான ஞான சௌபடில் கட்டந்தோறும் ஒரு குணமோ நிலையோ எழுதப்பட்டிருந்தது. சமணர்களின் தாளில் 84 கட்டங்களும் வைணவர்களின் தாள்கள் சிலவற்றில் 72 கட்டங்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சான பதிப்புகள் வைகுண்டத்தை விட்டுவிட்டு, சோம்பல், கீழ்ப்படியாமை போன்ற பிள்ளைக் குற்றங்களைப் பாம்புகளுக்குத் தந்தன. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளை நீக்கிச் சறுக்குமரங்களை வைத்தது. நீதி ஊருக்கு ஊர் மாறியபோதும், காயை நகர்த்தும் உரிமை மட்டும் எங்கும் ஆடுபவரிடம் தரப்படவில்லை.

தாயக்கட்டை என்பது நான்கு நீள்பக்கங்கள் கொண்ட, பெரும்பாலும் பித்தளையில் வார்த்த, இரண்டு கட்டைகளின் சோடி. ஒவ்வொன்றிலும் மூன்று பக்கங்களில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். நான்காம் பக்கம் வெறுமை. ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பக்கமும் மேலே வந்தால் தாயம், இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. பரம்பரைச் சொத்துரிமைக்கும் தாயம் என்றே பெயர் என்பது இங்கே சுவையான பொருத்தம், ஏனெனில் தாயம் விழாதவரை காய்க்குக் கட்டத்தில் இடமே இல்லை. சோடி விழக்கூடிய 16 விதங்களில் தாயத்துக்கு உரியவை 2, பன்னிரண்டுக்கு 1, மூன்றுக்கு 4. எனவே சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒரு தாயம் என்று கணக்கிடலாம். ஆயினும் எட்டு முறை உருட்டியும் அது விழாமல் போக மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே வாய்ப்பு உண்டு. இதைக் கணக்காக அறியாத பிள்ளையும், பிறர் காய்கள் பாதிப் படம் ஏறிவிட்ட பின்னரும் தாயத்துக்குக் காத்திருந்து அனுபவமாக அறிந்திருக்கும்.

கட்டை இயற்கையின் விதியை மீறுவதில்லை. உள்ளங்கைகளுக்கிடையே உருட்டும் வேகம், கை பிரியும் கோணம், தரையின் சொரசொரப்பு ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடே மேலே வரும் பக்கத்தை மாற்றிவிடுகிறது. தொடக்கத்தின் நுண்ணிய வேறுபாடு முடிவில் பெரிதாகும் என்பதை பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே 1908இல் எழுதினார். வானிலைக் கணக்கில் அதையே 1961இல் கண்ட எட்வர்ட் லோரன்ஸின் ஆய்விலிருந்து, பின்னாளில் ஒழுங்கின்மைக் கோட்பாடு எனப்பட்ட துறை வளர்ந்தது. தாயம் வேண்டுமென்று கையை ஒரே மாதிரி உருட்ட முயலும் பிள்ளை மோதுவதும் இந்த நுண்மையோடுதான்.

சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்த திருக்குறளைப் போற்றும் சமூகம், பணயம் இல்லாத இந்த ஆட்டத்தைத் தவறாகக் கருதவில்லை. கட்டை இல்லாத வீடுகளில் புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தைக் கல்தரையில் வெள்ளை தெரியத் தேய்த்து, குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்தவற்றை எண்ணினார்கள். தேய்த்த சூடு ஆறுவதற்குள் அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் ஒற்றிவிடும் குறும்பும் அதனோடு சேர்ந்தே வந்தது.