பெட்ரோல் தீர்ந்தா விமானம் என்னாகும்? - 1993 திருப்பதி வயக்காட்டுக் கதை

2025 நவம்பர்ல எங்க குளத்தூர் தாலுகாவுக்கு வானத்துல இருந்து ஒரு விருந்தாளி. கீரனூர் பக்கம் அம்மாசத்திரத்துல, பஸ்ஸும் லாரியும் ஓடுற திருச்சி - புதுக்கோட்டை ரோட்டுலயே ஒரு சின்னப் பயிற்சி விமானம் அவசரமா இறங்கிடுச்சு. உள்ளே இருந்த ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. டீக்கடையில அன்னிக்கு எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பெட்ரோல் தீந்து போச்சாப்பா?"

அந்த விமானத்துக்கு என்ன ஆச்சுங்கறது விசாரிக்கிறவங்க பாடு. ஆனா கேள்வி நல்ல கேள்விங்க. சென்னையில இருந்து கிளம்பின ஒரு விமானம் நிஜமாவே எரிபொருள் தீர்ந்து வயல்ல இறங்கியிருக்கு. அதுவும் குட்டி விமானம் இல்லை, 262 பேரோட போன ஏர்பஸ் ஏ300!

தேதி 1993 நவம்பர் 15. இந்தியன் ஏர்லைன்ஸ், ஐசி 440, சென்னை - ஐதராபாத். அப்போ தெலுங்கு சினிமாக்காரங்க நிறைய பேருக்குச் சென்னையில வீடு, ஐதராபாத்தில வேலை. ரெண்டு ஊருக்கும் நடுவுல பறந்துக்கிட்டே இருப்பாங்க. அன்னிக்கு அந்த விமானத்துல சிரஞ்சீவி, பாலகிருஷ்ணா, விஜயசாந்தி எல்லாரும் இருந்தாங்க. ஒரு பாதி தெலுங்குத் திரையுலகமே உள்ளே இருந்துச்சுன்னு வச்சுக்குங்களேன்.

ஐதராபாத் போய்ச் சேர்ந்தா பார்வைத்தூரம் சரியில்லை, ஓடுபாதை தெரியலை. இறங்காம மறுபடி மேலே ஏறினாங்க. இது தினமும் எங்கேயாவது நடக்கிற விஷயம்தான். வில்லங்கம் அடுத்து வந்துச்சு. இறங்கறதுக்காக நீட்டின ஃபிளாப்ஸ் உள்ளே போகாம மாட்டிக்கிச்சு.

ஃபிளாப்ஸ்னா? இறக்கையோட பின்பக்கம் நீண்டு, கீழே மடங்குற பலகைகள். வேகம் குறையும்போது விமானம் விழாம தாங்கறது அதுதான். ஆனா நீட்டினபடியே ஊர் ஊரா பறக்க முடியாது. குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சுப் பாருங்க, புரியும். வேகமும் வராது, மூச்சும் வாங்கும். விமானத்துக்கு மூச்சு வாங்கினா செலவாகறது எரிபொருள்.

திரும்பி சென்னைக்கே போறதுன்னு முடிவாச்சு. சுமார் 500 கிலோமீட்டர். டாங்க்ல எரிபொருள் இருந்துச்சு. ஆனா ஃபிளாப்ஸ் மடக்கின விமானத்துக்குப் போட்ட கணக்கு, நீட்டின விமானத்துக்கு எப்படிச் சரிவரும்? வழியில அது தெரிய வந்தப்ப சென்னை எட்டாத தூரம். சரி, திருப்பதி விமான நிலையம்னு திரும்பினாங்க. அதுவும் எட்டலை. கடைசியில திருப்பதிக்குப் பக்கத்துல ஒரு நெல்வயல்ல இறக்கினாங்க.

262 பேரும் பிழைச்சாங்க. ஒரு உயிர் கூடப் போகலை. விமானம் மட்டும் அதுக்கப்புறம் பறக்கவே இல்லை. எது அவங்களைக் கீழே இறக்குச்சோ அதுவே காப்பாத்தவும் செஞ்சுதுன்னு எனக்குத் தோணும். டாங்க் காலின்னா பத்திக்கிட்டு எரியறதுக்குப் பெருசா சரக்கு இல்லையே!

இதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1983 ஜூலை 23, கனடாவில இன்னொரு கூத்து. ஏர் கனடாவோட புத்தம் புது போயிங் 767. எரிபொருள் மீட்டர் வேலை செய்யலை. கையால கணக்குப் போட்டாங்க. கிலோன்னு நினைச்சுப் போட்டது பவுண்டு கணக்கு! தேவைப்பட்டதுல பாதிக்கும் குறைவான எரிபொருளோட கிளம்பி, 41,000 அடி உயரத்துல ரெண்டு இன்ஜினும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னு போச்சு. கிம்லிங்கற ஊர்ல, கைவிட்ட விமானத்தளத்துக்கு மிதந்தே வந்து இறங்கினாங்க. அங்கே அப்போ கார் பந்தயம் நடந்துக்கிட்டு இருந்துச்சு (கற்பனை இல்லை சாமி, நிஜம்). உள்ளே இருந்த 69 பேரும் தப்பிச்சாங்க.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கலை. 2016 நவம்பர் 28, பிரேசில் கால்பந்து அணியை ஏத்திக்கிட்டு கொலம்பியா போன லாமியா விமானம். கொண்டுபோன எரிபொருள் அந்தப் பயணத்துக்கே மட்டுமட்டு, கையிருப்பு கிடையாது. 77 பேர்ல 71 பேர் செத்தாங்க.

இப்போ விதி என்னன்னா, போய்ச் சேர, மாத்து விமான நிலையத்துக்குப் போக, இதுக்கெல்லாம் மேல ஜெட் விமானத்துல இன்னும் 30 நிமிஷத்துக்கு எரிபொருள் மிச்சம் இருக்கணும். அந்த 30 நிமிஷத்துல கை வைக்கிற நிலை வந்தா பைலட் "மேடே ஃப்யூயல்"னு சொல்லியே ஆகணும். 2025 ஜூன் 19 அன்னிக்கு கவுகாத்தி - சென்னை இண்டிகோ விமானம் சென்னையில இறங்க முடியாம, மேடே சொல்லி, பெங்களூருல பத்திரமா இறங்குச்சு.

அந்தச் செய்தி வந்தப்ப "எண்ணெய் கூட போடாம கிளப்பிட்டாங்களா"ன்னு சிரிச்சவங்க உண்டு. எனக்குச் சிரிப்பு வரலைங்க. எரிபொருள் தீர்றது ஒரு நொடியில நடக்கிற விபத்து இல்லை. "போதும், சமாளிச்சிடலாம்"னு முன்கூட்டியே எடுத்த முடிவோட பாக்கி. பாதி வழியிலயே "பத்தாது"ன்னு வாய்விட்டுச் சொல்ற பைலட்டைக் கேலி பண்ணினா, அடுத்த ஆளு சொல்லக் கூச்சப்படுவார். நெல்வயல் எல்லா இடத்துலயும் கிடைக்காதுங்க.

அந்த 1993 விமானத்தை நேர்ல பார்க்கப் போனவங்க, சொந்தக்காரங்க அதுல வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.