வாசலுக்கு வரும் பலசரக்கு

கொரோனா தொற்றினால் 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோதே, சுப்பர் மார்க்கெட்டுகளின் வீட்டு விநியோகம் நம்மவர் பலருக்கு அறிமுகமாயிற்று. ஊரடங்கு நீங்கிய பின்னரும் அச்சேவை நிலைத்துவிட்டது. ஆயினும் பொருள் வாசலுக்கு வந்ததும் செய்ய வேண்டியது யாதென்பதில் தெளிவு குறைவாகவே உள்ளது.

தொலைபேசியிலோ இணையத்திலோ கிடைக்கும் கட்டளையைப் பார்த்து ஊழியர் ஒருவர் பொருட்களைச் சேகரிக்கின்றார். கேட்டது தீர்ந்திருப்பின் அதற்கு ஈடாக வேறொன்றை வைப்பதுமுண்டு. சவர்க்காரத்தின் பெயர் மாறினால் பாதகமில்லை. ஆனால் கோழி இறைச்சியோ சொசேஜஸோ மாறினால் ஹலால் சான்று உண்டா என்பதும், சைவ உணவாளர் வீட்டுக்குரிய பிஸ்கட் மாறினால் அதில் விலங்குக் கொழுப்பு உண்டா என்பதும் வினாவாகின்றன. கேளாமல் மாற்ற வேண்டாம் எனக் கட்டளையிடும்போதே அறிவித்துவிடுவது நன்று.

பொருளைக் கொணர்பவர் அவசரத்தில் நிற்பார். அவருக்கு இன்னும் நாலு வீடுகள் காத்திருக்கும். எனினும் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட்டு, குளிரூட்டிய பொருட்களை முதலிலும், நிறுத்து விற்கும் மரக்கறி, மீன் என்பவற்றை அடுத்தும் பார்த்தல் வேண்டும். முன்னர் பார்வையிடாத பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை, வாங்குபவர் அதனை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படமாட்டார் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ள ஏற்பாடாகும். பற்றுச்சீட்டைக் கேட்டால் வழங்க வேண்டுமென 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வியாபாரியைப் பணிக்கின்றது.

குறை காணப்பட்டால் கொணர்ந்த இளைஞரைக் கடிவதில் பயனில்லை. அவர் பெரும்பாலும் கட்டிய பையைத் தூக்கி வருபவரே. கடைக்கு உடனே அறிவித்தல் வேண்டும். அங்கு தீராத பிணக்கைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.