இனிப்புநீர் மாத்திரை என்ற பெயர்

சிங்கப்பூர்த் தமிழர் நீரிழிவை இனிப்புநீர் என்பார்கள். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் அந்நோய் இங்குள்ள இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஒட்டுமொத்த விகிதம் 11.3. ஆகவே 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தபோது இந்தியர் கூடும் ஃபேரர் பார்க் வட்டாரத்துக்கு அது தன் வீட்டுச் செய்தியாகவே கேட்டிருக்கும். அந்தப் போரால் நன்மை உண்டு. ஆனால் சிறுநீரகத்தைச் சர்க்கரையின் வாலாக மட்டுமே பார்க்கும் பழக்கத்தையும் அது வலுப்படுத்தியது. சிறுநீரகத்தையும் காக்கும் டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தை இன்னும் இனிப்புநீர் மாத்திரை என்று அழைப்பது அப்பழக்கத்தின் மிச்சம். அப்பெயர் சிகிச்சைக்கே இடையூறு என்பது என் வாதம்.

இம்மருந்துக் குடும்பத்தின் மூதாதை ஃப்ளோரிசின். 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதே அதன் குணம். ஆனால் டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 சிறுநீரக நோயாளிகள் இருந்தனர். மூவரில் ஒருவருக்கு நீரிழிவே இல்லை. போலி மாத்திரை உண்ட 2,152 பேரில் 312 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சரிந்தது, முற்றிலும் செயலிழந்தது, அல்லது சிறுநீரக, இதயக் காரணங்களால் மரணம் நேர்ந்தது. மருந்து உண்ட அதே எண்ணிக்கையினரில் இது 197. நீரிழிவு இல்லாதோரும் இப்பலனைப் பெற்றனர். இன்னொன்று: சிறுநீரகம் நலிய நலிய இம்மருந்து சர்க்கரையைக் குறைக்கும் திறன் தேய்கிறது, காக்கும் திறனோ நீடிக்கிறது. சர்க்கரைக் கணக்கால் இதை விளக்க முடியாது.

விடை உப்பில் இருக்கிறது. மருந்து தடுக்கும் புரதம் சர்க்கரையோடு சோடியத்தையும் உள்ளிழுக்கிறது. அது தடைப்பட்டதும் கூடுதல் உப்பு நுண்குழாயின் உணர்விடத்தை எட்டுகிறது, ரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுக்குள் நுழையும் ரத்தக்குழாய் சுருங்குகிறது, உள்ளழுத்தம் தணிகிறது. நுண்குழாய்ச் செல்களின் உழைப்பும் ஆக்சிஜன் தேவையும் குறைகின்றன என்றும் கருதப்படுகிறது. நைந்த செல்கள் அனுப்பும் அபயக்குரலால்தான் நார்த்திசு பெருகித் தழும்பாகிறது. அக்குரலை அடக்குவதே இம்மருந்தின் வேலை என்பேன்.

ஆனால் தழும்பையே நேரடியாகத் தடுக்கிறது என்பதற்கான சான்று பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்து வந்தது. டாபா-சிகேடி திசுவை எடுத்துத் தழும்பை அளக்கவில்லை. வடிகட்டும் திறனையே அளந்தது. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் குழு 2017இல் நேச்சர் இதழில் முன்வைத்த இன்டர்லூக்கின்-11 புரதத் தடுப்பு வேறு வழி. அது நார்த்திசுச் செல்லையே குறிவைக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ‘தழும்பு மருந்து’ என்பது விளம்பரப் பேச்சு.

விழுந்த தழும்பை இம்மாத்திரை கரைக்கும் என யாரும் காட்டவில்லை. எனவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். கசிவு தெரிந்தபின் ‘எனக்குத்தான் இனிப்புநீர் இல்லையே’ என்று ஒருவர் மாத்திரையை மறுத்தால், குற்றம் பெயர் வைத்தவர்களுடையது. மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் வடிகட்டும் திறன் சற்றே இறங்கும். உள்ளழுத்தம் தணிவதன் அடையாளமான இதற்கு அஞ்சிப் பலர் தாமாகவே நிறுத்திவிடக்கூடும்.

பழைய பெயர் எச்சரிக்கும் இடமும் ஒன்று உண்டு. தைப்பூசக் காவடிகள் புறப்படும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவில் ஃபேரர் பார்க் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. நீரிழிவுள்ளவர் தைப்பூச விரதத்துக்காக உணவை வெகுவாகக் குறைக்கும் நாள்களில் இம்மாத்திரையைத் தொடர்ந்தால், அரிதாக, ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அமிலம் மிகலாம். பலதுறை மருந்தகத்தில் மாத்திரையை நீட்டும்போதே, விரதம் என்றைக்குத் தொடங்குகிறது என்றும் கேட்டுவிடலாம்.