கட்டியவர் பெயர்

டிரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டும் மிதக்கும் பொய்ப்பூச்சிகளில் ‘ஆடம்ஸ்’ ரொம்பப் பிரபலம். அது கட்டியவரின் பெயர்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் அதைக் கட்டியவர் லென் ஹாலடே. போர்ட்மன் ஆற்றில் அதை வீசி முதலில் நல்ல மீன் பிடித்தவர் சார்லஸ் ஆடம்ஸ் என்கிற வழக்கறிஞர். பிடித்த நண்பரின் பெயரையே ஹாலடே வைத்துவிட்டார்.

பின்னால் வந்தவர்கள் நடுவில் ஒரு தண்டை நிறுத்தி, இறகை அதில் குடைபோலப் படுக்கையாகச் சுற்றினார்கள். ‘பாராசூட் ஆடம்ஸ்’ ஆனது. இப்போது சிலர் அந்தத் தண்டுக்கு ஃபோம் துண்டு வைக்கிறார்கள். தண்ணீர் குடிக்காது, எளிதில் மூழ்காது.

இத்தனை கை மாறியும் ஆடம்ஸ் பெயர் போகவில்லை. எழுதியதில் என் பெயர் விடுபட்டால் சண்டைக்குப் போகிற ஆள் நான். ஹாலடேயை நினைச்சா கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.